பொச்சுமட்டை மணக்கும் வைன்

நல்ல பிரெஞ்சு வைன் என்றால் அதில் ஊறின தேங்காய்ப் பொச்சுமட்டை மணக்கவேண்டும் என்று நான் வருடக்கணக்காக நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை. மணக்காத வைனைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டும் திரிந்தேன். சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு சிரிக்க மனம் வருமோ தெரியாது.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு புது ஹோட்டலில் பிறந்தநாள் விருந்து. பக்கத்து மேசையில் ஒரு இளந்தாரி, கிளாசை வட்டம் வட்டமாய்ச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, தோல் மணக்கிறது, ஈரமண் மணக்கிறது என்று கூட இருந்த பெண்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருந்தான். செருப்புக்கடையிலும்தான் தோல் மணக்கும். அங்கே நின்று யாரும் கண்ணை மூடுவதில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் பிடிபட்டது, அவன் கிளாஸ் பிடித்த விதம் அச்சொட்டாக என்னுடையது. தூக்கி நின்ற சின்னவிரல் உட்பட.

அந்தச் சின்னவிரலை எனக்குத் தந்தவர் சூசை அண்ணை. ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்யும் குடும்பம். இளவயதில் பாரிசுக்குப் போய், ஒரு பெரிய சாப்பாட்டுக்கடையில் வைன் கிளாஸ் கழுவியே வாழ்க்கையைக் கட்டினவர். மகள் தெரேசாவை அங்கே விட்டுவிட்டு, மனைவியோடு ஊருக்குத் திரும்பிக் கடலைப் பார்த்து வீடு கட்டினார். குடிக்கிறவர்களை அவ்வளவு காலம் பார்த்தவர். தான் குடித்தது குறைவு. ஆனால் சுழற்றத் தெரியும். நான் அப்போது பக்கத்துக் கந்தோரில் கிளாக்கர். என் ஊர் அதே தீவிலுள்ள சரவணை. சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய விறாந்தையில் எனக்கும் ஒரு கதிரை இருந்தது.

முதல் போத்தலைத் திறந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பாரிசில் முதலாளி பிரியாவிடையாகக் கொடுத்த இரட்டைப் போத்தல்களில் ஒன்று. தக்கை வெளியே வந்ததும் ஒரு மணம் வந்தது பாருங்கள், நான் கதிரையோடு சரவணைக் கடற்கரைக்கே போய்விட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பொச்சுமட்டையைக் கரைச் சேற்றில் புதைத்து மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். கயிறு திரிக்கத் தும்பு வேண்டுமே. கிடங்கைக் கிண்டுகிற நாளில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அந்தச் சேற்று மணம், அசல், கிளாசுக்குள்ளே இருந்தது.

சூசை அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, என்ன மணக்குது?”

பாரிசிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மனிதரிடம் நாறுகிறது என்று சொல்ல ஏலுமோ? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“மண் மணம் அண்ணை. அது விளைஞ்ச நிலத்தின்ரை மணம்.”

அவர் திரும்ப ஒருமுறை மணந்தார். கண் கலங்கிவிட்டது. “உமக்கு மூக்கு இருக்கு காணும்” என்றார். அதுவரை என் முகத்தின் நடுவில் இருந்தது என்னவென்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ போத்தல் திறந்தோம். பாவங்கள், ஒன்றிலும் பொச்சுமட்டை மணக்கவில்லை. பழம் மணந்தது, பூ மணந்தது. “பிள்ளையளுக்குக் குடுக்கிற ஜூஸ்” என்று நான் தீர்ப்புச் சொல்ல, அவர் தலையாட்டுவார். முதல் போத்தலின் சோடி மட்டும் அலுமாரியில், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியின் கோயில் சீலைகளுக்குக் கீழே, ஒரு நல்ல நாளுக்காகப் படுத்துக் கிடந்தது.

நல்ல நாள் வந்தது. தெரேசா ஒரு பிரெஞ்சுப் பெடியனை விரும்பியிருந்தாள். பெடியனின் தகப்பனுக்கு அங்கே சொந்தத் திராட்சைத் தோட்டம். மனிதர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெண்ணின் ஆட்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தெரேசாவோடு புறப்பட்டு வந்தார். சூசை அண்ணைக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

“அந்த மனுசன் எங்களை ஒண்டும் தெரியாத ஆக்கள் எண்டு நினைக்கக்கூடாது. வைன் கதை வந்தால் நீர்தான் கதைக்கவேணும்.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னே, வந்தவர் பையிலிருந்து பெயர் ஒட்டாத ஒரு போத்தலை எடுத்துத் தானே திறந்து வார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுழற்றினேன். மணந்தேன். பழம். இன்னொருமுறை மணந்தேன். அதே பழம். இந்த வெள்ளைக்காரன் எங்களைச் சோதிக்கிறான் என்று எனக்கு வெளித்துவிட்டது. மட்டமான சரக்கை வார்த்துவிட்டு, நாங்கள் புகழ்ந்தால் தன் ஊரில் போய்ச் சொல்லிச் சிரிக்கப் போகிறான். சரவணையானிடமோ? கிளாசை இரண்டு விரலால் தள்ளிவைத்தேன்.

“அண்ணை, இது பழுது.”

சூசை அண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தொட்டிக்குள் அது குடுகுடுவென்று இறங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. வந்தவர் எழும்பப் பார்த்து, திரும்ப இருந்துவிட்டார். தெரேசா என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அது அவையின்ரை சொந்தத் தோட்டத்து வைன். மகன் பிறந்த வருசம் போத்திலிலை அடைச்சது. கலியாணத்துக்கெண்டு வைச்சிருந்தவை.”

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று காத்திருந்தேன். தீவுப்பகுதிப் பூமி சுண்ணாம்புக்கல்; லேசில் பிளக்காது. பொச்சுமட்டைக் கிடங்கு ஒன்று பக்கத்தில் இருந்தால் நானே குதித்திருப்பேன். அதற்குள் சூசை அண்ணை, மானத்தை மீட்கிற அவசரத்தில், அலுமாரிப் போத்தலைக் கொண்டுவந்து திறந்துவிட்டார். விறாந்தை முழுவதும் சரவணைக் கடற்கரை. என் வாழ்நாளில் அந்த மணத்துக்கு அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

வந்தவர் ஒருமுறை மணந்தார். குடிக்கவில்லை. கிளாசை மெதுவாக வைத்துவிட்டுத் தெரேசாவிடம் ஏதோ சொன்னார். அவள் என்னைப் பாராமல் மேசைவிரிப்பைப் பார்த்துச் சொன்னாள்.

“தக்கை கெட்டு நாறுதாம். இதைத்தான் ஊத்தியிருக்கவேணுமாம்.”

பிறகு அந்த மனிதர் நண்டுக்கறியைக் கையால் உடைத்து உடைத்துச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். போகும்போது சூசை அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் கை தந்தார். என் மூக்கைத்தான் பார்த்தார்.

சனிக்கிழமைகள் அதோடு சரி. சூசை அண்ணையும் அக்காவும் மகளிடமே போய்விட்டார்கள். கடலைப் பார்த்த வீடு பூட்டிக் கிடக்கிறது. சரவணைக் கரையில் இப்போது மட்டை புதைப்பவர் எவருமில்லை, எல்லோரும் நைலோன் கயிறு வாங்குகிறார்கள். அந்த மணத்துக்கு உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம், தக்கை கெட்ட போத்தல்.

கலியாணம் பாரிசில் நடந்தது. மாப்பிள்ளை பிறந்த வருடத்துப் போத்தல் அவர்களிடம் அண்ணை ஊற்றினது ஒன்றுதான் இருந்ததாம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஜூஸ் குடித்தார்கள்.