கல்லுக்கு வசனம் கிடையாது

எண்பதுகளின் நடுவில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. செஞ்சியில் எங்கள் மாதா கோயில் பந்தலில் சாயங்காலம் பாஸ்கா நாடகம், இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழும் கதை. சுற்றிலும் மலை மலையாகப் பாறை கிடக்கிற ஊரில், கல்லாக நடிக்க என்னைத்தான் பிடித்தார்கள்.

காரணம் உண்டு. முந்தைய வருடம் நான் போர்ச்சேவகன். சிலுவையடியில் நின்று ஒரே ஒரு வசனம் பேசினேன். கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. என் முகவெட்டு அப்படி. இந்த முறையாவது ஒரு வரி ஒழுங்காகப் பேசிக் காட்ட வேண்டுமென்று, நாடகம் போட்ட டெய்லர் அண்ணனிடம் கெஞ்சினேன்.

"உனுக்கு டயலாக்கா? ஆண்டவரையே சிரிக்க வச்சிடுவடா! கல்லறை வாசல மூடுற கல்லா இரு. தேவதூதன் கை வச்சதும் உருண்டு போ. கல்லுக்கு வசனம் கெடையாது."

மூங்கில் பிளாச்சு, கோணி, சாம்பல் பெயின்ட். அதற்குள் நான். காற்று வர ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள், சரியாக என் தொப்புளுக்கு நேரே.

கடைசிக் காட்சி. பெண்கள் அழுதபடி கல்லறைக்கு வந்தார்கள். தேவதூதர் கை வைத்தார், உருண்டேன். இயேசு உயிர்த்துவிட்டார் என்று அவர் சொல்ல வேண்டும். நாடகமே அந்த ஒரு வரிக்காகத்தான். நாளெல்லாம் அவலூர்பேட்டை பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்துகிற கண்டக்டர் அவர். கூட்டத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார். அட்டை இறக்கை படபடவென்று நடுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னாப்பா, தூதரு ஊமையா பூட்டாரு?" என்று முன்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. நான் வாயைத் திறந்தால் இன்னும் சிரிப்பார்கள். திறக்காவிட்டால் உயிர்ப்பே காமெடியாகிவிடும்.

"ஏம்மா அழுவுறீங்க? அவரு இங்க இல்ல! உயிரோட எழுந்துட்டாரு!"

கல்லுக்குள்ளிருந்து நான்தான் கத்தினேன். பந்தல் அப்படியே அடங்கியது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு யாரோ ஓர் அம்மா "அல்லேலூயா!" என்று குரல் கொடுக்க, பந்தலே அதிர்ந்தது.

எங்கள் பங்குச் சாமியார் மேடைக்கு வந்தார். சீடர்களின் வாயை அடக்கும்படி சிலர் அதட்டியபோது, இவர்கள் பேசாவிட்டால் கற்கள் கத்தும் என்று இயேசு பதில் சொன்னதை நினைவுபடுத்தினார். "இத்தினி வருஷமா அதைப் படிச்சிருக்கேன். இன்னிக்குத்தான் காதால கேட்டேன்" என்றார்.

என்னை வெளியே இழுத்துப் பார்த்தார்கள், இடுப்பு மாட்டிக்கொண்டது. "உடுங்கடா, கல்லோடவே தூக்குங்க!" என்றார் டெய்லர் அண்ணன். தோளில் வைத்துக் கோயிலை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். மேளம் வேறு.

இன்றும் என்னைப் பார்த்தால் ஊர் சிரிக்கத்தான் செய்கிறது. ஆனால் நல்ல செய்தியைச் சொல்ல நல்ல முகவெட்டு தேவையில்லை என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கோணிக்குள்தான்.