வாய் மாறிய கத்தி

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு எங்கள் மூங்கில் கொட்டகையில் வழங்கிய பெயர் ‘கோணல்’. வைத்தவர் அவள் கூடப் பிறந்த அண்ணனேதான். ஏணி செய்வதும், கூடை முடைகிறவர்களுக்கு மூங்கிலைப் பிளந்து பட்டை பட்டையாகப் பிளாச்சு சீவிக் கொடுப்பதும் எங்கள் தொழில். அவள் கத்தியை எடுத்தால் பிளாச்சு ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காகிதமாய் மெலிந்துவிடும். நேராகப் பிளக்க வேண்டிய மூங்கில் பாதி வழியில் விலகி ஓடிவிடும். இடக்கைக்காரி, அவளுக்குக் கத்தி வராது என்று சொல்லிக் கயிறு கட்டும் வேலையில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் கட்டினாள். அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததென்று ஒருவரும் வந்து நின்றதில்லை. ஆனாலும் பெயர் என்னவோ கோணல்தான்.

அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு கழிவு மூங்கிலை எடுத்துச் சீவிப் பார்ப்பாள். நறநறவென்று சத்தம் கேட்கும், பிறகு ஒரு பெருமூச்சு. நான் பார்த்தும் பார்க்காதவள் போலப் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். ஆசையை மட்டும் கொடுத்துவிட்டு அதற்கான கையை ஆண்டவன் கொடுக்காமல் விடுவானா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்.

போன வருடம் வீட்டுக்காரர் புதிதாக ஒரு கத்தி செய்யச் சொல்லியிருந்தார். கொல்லருக்கு அந்த வாரம் பல்வலி. ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அந்த வேதனையோடு சாணை பிடித்ததில் கத்தியின் வாயை மாற்றிவிட்டார். எங்கள் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் பலகை போலத் தட்டையாக இருக்கும். அந்தச் சரிவுதான் மூங்கிலுக்குள் கத்திக்கு வழி காட்டும். எங்களிடம் இருந்த எல்லாக் கத்திக்கும் சரிவு வலப்பக்கம். இதற்கு மட்டும் இடப்பக்கம்.

வீட்டுக்காரர் ஒரு துண்டைச் சீவிப் பார்த்தார். கத்தி குடைந்துகொண்டு உள்ளே இறங்கியது.

“என்னய்யா இது, கத்தியா கரண்டியா?”

“பல்லு வலில கண்ணே தெரியலப்பா,” என்றார் கத்தியைக் கொண்டுவந்த கொல்லர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “நாளைக்குப் பல்லப் புடுங்கிட்டு வந்து மாத்தித் தர்றேன்.”

“இந்தக் கத்தியாலயே புடுங்கிக்க. அதுக்குத்தான் ஆகும்,” என்று சொல்லி அதைச் சிராய்க் குவியலில் எறிந்துவிட்டுப் படுக்கப் போனார்.

அன்று மதியம் நறநற சத்தம் கேட்கவில்லை. சர்ரென்று, பட்டுத்துணி கிழிபடுவது போல நீளமாக ஒரு சத்தம். ஈரக் கையோடு ஓடினேன். ஆள் உயரப் பிளாச்சு ஒன்றை அவள் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நுனியிலிருந்து அடிவரை தடவிக்கொண்டிருந்தாள். எங்கே தொட்டாலும் ஒரே கனம்.

“அண்ணி, நா கோணல் இல்ல,” என்றாள். “இத்தனை வருசமா கத்திதான் கோணல்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்.

கத்தியை மாற்ற வேண்டாம் என்று கொல்லரிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். அண்ணன்காரர், “வச்சுக்க, கயிறு அறுக்கவாவது ஆகட்டும்,” என்றார். அவள் என்ன சீவுகிறாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் மதியம் சீவினாள், முளைக்குச்சி செதுக்கினாள், மூங்கிலைக் கணுவோடு அறுத்துக் குவளை செய்தாள். நாலு மாதம் ஓடியது.

மலையடிவாரத்தில் ஒரு முகாம் உண்டு. நகரத்து மனிதர்கள் வந்து தங்கி, கூடாரம் அடிக்கவும் தீ மூட்டவும் வெறும் கத்தியை வைத்துக் காட்டில் சமாளிக்கவும் கற்றுக்கொள்வார்கள். கத்தி வேலை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், யார் வேண்டுமானாலும் சொந்தக் கத்தியோடு வந்து செய்து காட்டலாம் என்று அறிவிப்பு வந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கே மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

“நானும் வர்றேண்ணே,” என்றாள் தங்கை.

“எதுக்கு, எனக்கு டீ வாங்கிக் குடுக்கவா?”

 பிறகு அவள் என்னிடம் மட்டும் அடுப்படியில் வந்து, “அந்த வேலை எனக்கு வேணும் அண்ணி. கயிறு கட்டுறவளாவே என் காலம் முடிஞ்சுடக் கூடாது,” என்றாள்.

பிரார்த்திக்க உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வரவில்லை. தாலி கட்டியவருக்காக வேண்டுவதா, நாத்தனாருக்காக வேண்டுவதா? கடைசியில் “கடவுளே, யாரும் கையை வெட்டிக்காம இருக்கணும்,” என்று வேண்டிக்கொண்டு நானும் கூடவே போனேன்.

போட்டிக்கு முதல் நாள் இரவெல்லாம் நல்ல மழை. மைதானத்தில் ஆறு பேர் நின்றார்கள். அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள். ஆளுக்கு ஒரு பச்சை மூங்கில், மேலெல்லாம் நனைந்த ஒரு காய்ந்த மூங்கில், மூன்று தீக்குச்சி. மூங்கில் குழாயில் தண்ணீர் கொதிக்க வேண்டும், முதலில் கொதிக்க வைப்பவருக்கு வேலை என்றார் முகாம் மேலாளர்.

பக்கத்தில் நின்ற மரம்வெட்டி அவள் முன்னால் வந்து பார்த்து, “ஏம்மா, கத்தியத் தப்புக் கையில புடிச்சிருக்கியே,” என்றார்.

“கை சரியாத்தான் இருக்கு. நீங்க எதிர்ல நிக்கிறீங்க,” என்றாள். மேலாளரே சிரித்துவிட்டார்.

விசில் அடித்ததும் என் வீட்டுக்காரர் நாலே வெட்டில் காய்ந்த மூங்கிலைப் பிளந்து, விரல் தடிமனில் விறகு குவித்து, முதல் குச்சியைக் கிழித்தார். புகைதான் வந்தது. மற்றவர்களுக்கும் அதே கதை. ஈரத் தோலோடு வெட்டிப்போட்டால் எப்படிப் பிடிக்கும்? அவள் மட்டும் தீக்குச்சிப் பக்கமே போகவில்லை. மூங்கிலைப் பிளந்து, நனைந்த தோலை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே உலர்ந்திருந்த சதையைச் சீவிக்கொண்டே இருந்தாள். பூவிதழ் போலச் சுருள்கள் மடியில் குவிந்தன.

“ஏய் கோணல், மாலை கட்டப் போறியா? பத்த வை,” என்று கத்தினார் அண்ணன்.

அவள் நிமிரவில்லை. ஒவ்வொரு சுருளும் ஒரே மெல்லிசு. எனக்கே பொறுக்கவில்லை. ‘தாயே, போதும்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் சுருள்களைக் குவித்து, அதன் மேல் ஈர்க்கு போலப் பிளந்த குச்சிகளைச் சாய்த்து, ஒரே ஒரு தீக்குச்சி கிழித்தாள். குப்பென்று பிடித்தது. மேலே பிளாச்சுகளை அடுக்கினாள். பச்சைக் குழாயைக் கவைக்கம்பில் சாய்த்து நெருப்பின் மேல் வைத்தாள். தோல் கறுத்தது, ஓரத்தில் நுரை தள்ளியது, சிறிது நேரத்தில் உள்ளே தளதளவென்று சத்தம்.

அப்போது அவள் அண்ணன் மூன்றாவது குச்சியும் அணைந்து, கரியைத் தேய்த்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் வெந்நீரைத் தான் செய்துகொண்டுவந்த குவளையில் ஊற்றி முதலில் அவரிடம்தான் கொண்டுபோனாள். “சுடும், ஊதிக் குடிண்ணே.”

அவர் குடித்தார். குவளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

மேலாளர் அவள் கத்தியை வாங்கித் தன் வலக்கையால் ஒரு துண்டைச் சீவ, அது குடைந்துகொண்டு நின்றது. “என்ன கத்தி இது, வேலையே செய்யல?”

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். “அது என் தங்கச்சி கத்தி சார். மத்தவங்க கைக்கு வராது.”

“திங்கக்கெழமை காலைல ஆறு மணிக்கு வந்துடுங்கம்மா,” என்றார் மேலாளர்.

திரும்பி வரும்போது அவளுக்கு மிஞ்சிய மூங்கிலை அண்ணன்தான் தோளில் சுமந்து வந்தார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னாச்சு, யாருக்கு வேலை?” என்று கேட்டார்.

“எங்களுக்குத்தான்,” என்றார் அவர், மார்பை நிமிர்த்தி.

“எனக்கு,” என்றாள் என் நாத்தனார்.