சாவியக்காவும் இரண்டு விதிகளும்

அழைப்பு மணி அடித்ததும் சாவியக்கா குந்தி உட்கார்ந்து, தலையைத் தரையோடு சாய்த்து, இரும்புக் கதவின் அடி இடுக்கு வழியாகக் கால்களைப் பார்ப்பார். ஆண் செருப்பு என்றால், "வீட்ல யாருமில்ல!" என்று உள்ளேயிருந்தே கத்துவார். யாருமில்லாத வீட்டில் கத்தியது யார் என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை. வெறுங்காலோ, ஜோடி சேராத செருப்போ தெரிந்தால் உடனே தாழ்ப்பாள் விலகும்.

வீட்டில் அடிபட்டு வெளியேறும் பெண்கள் தங்கும் இடம் அது. பெயர்ப் பலகை கிடையாது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்வதால் அவர் சாவியக்கா. குரல் பெரியது, பயம் அதைவிடப் பெரியது. "எங்க வீட்டு ஆளுகூட இப்படிக் காவல் காத்ததில்லக்கா," என்று ஒருத்தி கேலி செய்தால், "அதான் ஓடி வந்துட்டியே," என்பார்.

இந்த இல்லத்தை நடத்தும் அலுவலகத்து மேடம் சொன்ன விதிகளில் இரண்டு அவருக்கு மனப்பாடம். ஒன்று, வந்தவளிடம் முதல் நாள் பெயர், ஊர் எதுவும் கேட்கக் கூடாது. டீ கொடுத்துப் படுக்கையைக் காட்ட வேண்டும். இரண்டு, இங்கே இருப்பவளின் புருஷன் வீட்டார் யாரையும் படியேற விடக் கூடாது.

அன்று காலை இடுக்கில் தெரிந்தவை ஒரு பெண் போலீஸின் பூட்ஸும், பக்கத்தில் நரம்போடிய வெறுங்கால்களும். போலீஸ்காரி விட்டுவிட்டுப் போன அம்மாளுக்கு உதடு கிழிந்திருந்தது. ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார். சாவியக்கா எதுவும் கேட்கவில்லை. மருந்து போட்டு, டீ கொடுத்து, காலியாக இருந்த கட்டிலைக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரி துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவங்க எப்படிக்கா உள்ள வந்தாங்க?"

"ஏன், யாரும்மா இது?"

"எம் மாமியார்."

சாவியக்காவின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

"அவன் என்னைப் போட்டு அடிக்கிறப்ப இவங்க டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பாங்க. இல்லேன்னு சொல்லட்டும் பாப்போம்!"

மாமியார் இல்லை என்று சொல்லவில்லை. தலை நிமிராமல், "நீ இருந்தவரைக்கும் உன்னை அடிச்சான். நீ போனப்புறம் சும்மா இருப்பானா? நீ இங்க இருக்கேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்றார்.

"நம்பாதீங்கக்கா, அவன் அனுப்பியிருப்பான். இவங்க இருந்தா நான் கிளம்புறேன்." கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தாள்.

சாவியக்கா மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அடிபட்டு வந்தவங்கதானே?"

"ஆமா மேடம்."

"புருஷன் வீட்டுக்காரங்களா?"

"அதுவும் ஆமா மேடம்."

"எனக்கும் ஒண்ணும் புரியலக்கா. இன்னிக்கு எப்படியாவது சமாளிங்க. காலைல வர்றேன்."

திரும்பி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகளின் புருவத்தில் ஆறிவரும் தழும்பு. மாமியாரின் உதட்டில் புதுக் காயம். வெளியே அனுப்பினால் இந்த அம்மாள் எங்கே போவார்? அனுப்பாவிட்டால் இந்தப் பெண் எங்கே போவாள்? யார்மேல் கோபப்படுவது என்றே பிடிபடவில்லை.

கடைசியில் மாமியாரைக் கைத்தாங்கலாகத் தன் அறைக்கு அழைத்துப் போனார். மருமகள் கட்டிலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குவேன்."

"போட்டுக்கோ."

"அவங்க தட்டினாலும் திறக்க மாட்டேன்."

"திறக்காதே."

எதிர் அறையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அவ ஏதாச்சும் சாப்பிட்டாளான்னு கேளுங்கம்மா."

"நீங்க பேசாம படுங்க!" என்று சாவியக்கா கத்தினார். கத்திவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாடி?" என்றார். பை மட்டும் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டு கதவுகளுக்கும் நடுவே, நடையில், மடக்குக் கட்டிலை விரித்தார். தலையணையை மருமகளின் கதவுப் பக்கம் போட்டார். நின்று பார்த்தார். எடுத்து மாமியாரின் கதவுப் பக்கம் போட்டார். மறுபடியும் எடுத்தார். பிறகு கட்டிலின் நடுவில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டார்.