தண்ணீர் கேட்டவன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து என் மேல்வரிசையைப் பார்க்கலாம். முன்னால் இரண்டும் கட்டுப்பல். எப்படிப் போயின என்று சொன்னபோது பல் டாக்டர் சிரித்தார். நீங்களும் சிரியுங்கள். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் ஆம்புலன்சில் நர்ஸ். ரத்தம் எனக்குப் புதிதில்லை. வண்டி ஓட்டுபவருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர். அவர் பறக்கும் பறப்பைப் பார்த்து யாரோ கிண்டலுக்கு வைத்தது. சாமி, பூதம் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நான் ஞாயிறு பூசை தவறாதவள்.

அன்று மதியம் கொட்டுகிற மழை. மூன்று மணி இருக்கும். மரம் அறுக்கும் மில்லில் அண்ணன் தம்பிக்குள் தகராறு, கோடாரி வெட்டு என்று போன் வந்தது.

போய்ச் சேர்ந்தபோது, மில் கேட்டுக்குப் பக்கத்திலேயே அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். தோளில் விழுந்த வெட்டு எலும்புவரை இறங்கியிருந்தது. தலையிலும் ஒன்று. நினைவே இல்லை. நாடி நூல் மாதிரி ஓடியது. உள்ளே, ரம்பம் இருக்கும் பக்கம் ஒரே கூட்டம். கத்தல்.

"வெட்டினவன் எங்கே?" என்றேன்.

மில் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவரைத் தூக்கிட்டுப் போங்கம்மா. உள்ள பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

அவனைப் பிடித்துவைத்து அடிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். உயிருக்குப் போராடுகிறவரை வைத்துக்கொண்டு ஊர் வம்பு எதற்கு? கதவைச் சாத்தினேன். வண்டி கிளம்பியது.

ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டேன். அவருடைய இரண்டு கைகளையும் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டுக்குள் வைத்துக் கட்டினேன். தோளில் பஞ்சை வைத்து அழுத்தினேன். நனைந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் நனைந்தது...

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. புதிதாக அறுத்த மரம்... கூடவே சூடான இரும்பு. மில்காரர் உடம்பில் வேறென்ன வாசனை வரும் என்று விட்டுவிட்டேன்.

"ஞானஸ்நானம் குடு."

தெளிவாகக் கேட்டது. குனிந்து பார்த்தேன். மாஸ்க் முழுக்க ஆவி படிந்து, உதடு தெரியவில்லை.

"என்னங்க சொன்னீங்க?"

"ஞானஸ்நானம்... சாமியார் வர நேரமில்ல. நீ குடு."

எனக்குச் சிலிர்த்தது. பயத்தில் அல்ல. சாகக் கிடக்கிறவர் கேட்டால், சாமியார்தான் வேண்டும் என்றில்லை. யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் வேண்டும். சொல் வேண்டும். கொடுக்கும் மனது வேண்டும். அவ்வளவுதான். அதுவரை செய்த பாவம் எவ்வளவு கொடியதானாலும், அந்த ஒரு கைத் தண்ணீரில் போய்விடும். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் மார்க்குக்காகப் படித்தது. அன்று அது என் கையில் வந்து நின்றது.

என் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அவர் நெற்றிக்கு மேல் சாய்த்தேன்.

"நான் தந்தை..."

பாட்டில் பறந்துபோய்க் கூரையில் மோதியது.

யாரோ தட்டிவிட்டார்கள். ஆனால்... யார்? அவர் கைகள் இரண்டும் பெல்ட்டுக்குள்.

"என்னம்மா சத்தம்?" ஆமை முன்னாலிருந்து கத்தினார்.

"பள்ளம் பார்த்து ஓட்டுங்க!"

"பள்ளமே இல்லையேம்மா!"

பாட்டிலைத் தேடி எடுத்தேன். பாதி மிச்சம் இருந்தது. இந்த மனிதர் கரையேறுவது எதற்கோ பிடிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கு வீம்பு வந்துவிட்டது. மறுபடி சாய்த்தேன்.

"நான் தந்தை, மகன்..."

பின்னாலிருந்து என் கொண்டையை ஒரு கை பிடித்தது. இழுத்தது. முகத்தை ஆக்சிஜன் சிலிண்டரில் மோதியது.

ணங்.

இன்னொரு முறை.

ணங்.

வாயெல்லாம் ரத்தம். நாக்கில் பல் உருண்டது.

"இங்க... இங்க... இங்க..."

இப்போது குரல் என் காதுக்குப் பின்னால் இருந்தது.

வலது மணிக்கட்டை முறுக்கியது. பாட்டிலை அவரிடமிருந்து தள்ளி இழுத்தது. ஆளில்லாத சீட் பக்கம்...

நான் விடவில்லை.

எலும்பு 'படக்' என்றது.

பாட்டிலை இடது கைக்கு மாற்றினேன். இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் நெற்றியில் கொட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன்.

ஓர் அலறல்.

ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது.

பிறகு அழுகை...

பிறகு மழை மட்டும்.

ஆமை வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கதவைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது. "உள்ள அழுதது யாரும்மா? இன்னொரு ஆம்பளைக் குரல்..."

அண்ணன் பிழைத்துக்கொண்டார். மாவுக்கட்டுக் கையோடு அவருடைய வார்டுக்குப் போனேன். நீங்கள் கேட்டபடி ஞானஸ்நானம் கொடுத்தேன் என்றேன். அவர் புரியாமல் விழித்தார்.

"நான் கேட்டேனா? எனக்கு அதுலெல்லாம் ஈடுபாடே கிடையாதும்மா. தம்பிதான் மாதா கோயில் மாதா கோயில்னு அலைஞ்சான். 'ஒரு சொம்புத் தண்ணில நீ யோக்கியனாயிடுவியாடா'ன்னு சிரிச்சேன். அதுக்குத்தான் கோடாரியை எடுத்துட்டான்." வார்டு வாசலைப் பார்த்தார். "அவன் எங்கேன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க."

அன்றே மேஸ்திரியைப் பார்த்து விசாரித்தேன். பிறகு எங்கள் பங்குச் சாமியாரிடம் ஓடினேன்.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவன் என்கிட்டதாம்மா ஒரு வருஷமா படிச்சான். வர்ற ஞாயிறு ஞானஸ்நானம். தன்னோட கோபம்தான் தனக்குப் பயம்னு சொல்லுவான்."

"அப்போ நான் கொடுத்தது, சாமி?"

"கேட்காதவர் தலையில ஊத்தினா அது வெறும் தண்ணி."

"கேட்டவனுக்கு?"

"தண்ணி கிடைக்காமப் போனாலும், மனசார வருந்தி ஆசைப்பட்டிருந்தா அந்த ஆசையே ஞானஸ்நானம். ஆனா உயிர் போறதுக்குள்ள ஆசைப்பட்டிருக்கணும். ஞானஸ்நானம் மாதிரி அருட்சாதனமெல்லாம் உயிரோட இருக்கிறவங்களுக்குத்தாம்மா." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் எப்போ கேட்டான்?"

மேஸ்திரி சொன்னதுதான் என் காதில் ஓடியது.

வெட்டிவிட்டு ஓடும்போது தம்பியின் சட்டை ரம்பத்தின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டதாம். எங்களுக்குப் போன் வருவதற்கு முன்பே, ரம்பம் அவனை இரண்டாக அறுத்துப் போட்டிருந்தது.