எட்டு ட்ரிப்பும் இறங்காத பயணி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டவுன் பஸ்ஸில் தினமும் காலையில் ஏறி, செஞ்சிக்கும் கடைசி ஸ்டாப்புக்கும் நடுவே எட்டு ட்ரிப்பும் இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை, மாறுவேடத்தில் வந்திருக்கும் செக்கிங் அதிகாரி என்று மூன்று வாரம் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பயத்தில் இரண்டு நாள் வெறும் மோர்சோறு சாப்பிட்டேன்.

கண்டக்டர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் சிரிக்கலாம். பாதி வரைக்கும்தான் சிரிக்க முடியும்.

1. பயந்த கதை

பயத்துக்குக் காரணம் இருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆன பிறகு, எனக்கும் டிரைவர் கலியமூர்த்திக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால், வண்டியை இரண்டு புளியமரம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவோம். ஓடி வந்தால் ஏறலாம். "ஓசி எக்ஸ்பிரஸ், ஓடியா ஓடியா" என்று நான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கூவுவேன். பஸ்ஸில் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஓடி வந்தவர்கள் யாரும் சிரித்ததில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அவர் ஏறினார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் துணிக்கடைக் கட்டைப் பை. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள், அவர் மட்டும் இறங்கவில்லை.

"எறங்கலியாம்மா?"

"இல்லீங்க. திரும்பிப் போவணும்."

செஞ்சிக்கு இன்னொரு இலவச டிக்கெட் கிழித்தேன். செஞ்சி வந்தது. அங்கேயும் இறங்கவில்லை. மறுபடி ஒரு டிக்கெட். மறுநாளும் அதே சீட், அதே பை, அதே எட்டு டிக்கெட். எனக்கு வேர்த்துவிட்டது.

"கலியா, மேலேந்து ஆள் போட்டுட்டாங்கடா."

"எவனுக்குண்ணே?"

"நமக்குத்தான்டா. மூணாவது சீட்ட பாரு. ஸ்டாப்புல நிறுத்துறமான்னு கணக்கெடுக்குது. பைக்குள்ள மெமோ புக்கு."

கலியமூர்த்தி கண்ணாடியில் பார்த்தான். "தூங்குதுண்ணே அது."

"தூங்குறாப்ல நடிக்குதுடா. ட்ரெயினிங்கு."

புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது. அனுபவசாலி, பெரிய கேஸெல்லாம் பார்த்தவர் என்று முடிவு செய்தேன். சிங்கவரம் தாண்டி ஒரு குறிப்பிட்ட ஊர் வந்தால் மட்டும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். அதையும் டிபார்ட்மென்ட் யுக்தி என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் உத்தமன். காக்கிச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டேன். ஸ்டாப்பில் சரியாக நிறுத்தினோம். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு தினமும் ஓடி வந்து பழகிப்போன பட்டம்மாளின் மூட்டையை நானே இறங்கி வாங்கி வைத்தேன். அந்த அம்மாள் பயந்துபோய், "இன்னா நைனா, ஒடம்புக்கு எதனா பண்ணுதா? ஆஸ்பத்திரில காட்னியா?" என்று கேட்டார்.

2. பை கவிழ்ந்த கதை

ஒரு நாள் சிங்கவரம் வளைவில் ஆடு குறுக்கே வந்தது. கலியமூர்த்தி பிரேக்கை மிதித்தான். கட்டைப் பை கவிழ்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் என் காலடிக்கு வந்தது. ஒரு நைட்டி, துண்டு, சோப்பு டப்பா, பல் பிரஷ், ஒரு எக்ஸ்ரே. அப்புறம் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு டிக்கெட். எல்லாம் நான் கொடுத்தது. மூன்று வாரத்து டிக்கெட்.

தொலைந்தேன், எவிடென்ஸ் என்று நினைத்தேன். பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "மேடம், இந்த டிக்கெட்டெல்லாம் எதுக்கு மேடம்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "செக்கிங் வந்தா கேப்பாங்கன்னு வெச்சிருக்கேங்க. ஒன்னு கூட தொலைக்கல. எறக்கி வுட்றாதீங்க."

என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்துகொண்டிருந்தார்.

கடைசி ஸ்டாப்பில் வண்டி கால் மணி நேரம் நிற்கும். கலியமூர்த்தி டீக்குப் போன பிறகு கேட்டேன். அவர் பெயர் கோமதி. கட்டிக்கொடுத்தது திண்டிவனம் பக்கம். எக்ஸ்ரே அவருடைய வலது மணிக்கட்டு. புருவத் தழும்பு புருஷன் வீசிய தோசைக்கல்லால் வந்தது.

"மொத வாட்டி எங்கண்ணன் வூட்டுக்குத்தான் போனேன். அவரு வந்து தெருவுல நின்னுகினு கத்துனாரு, வைக்கப்போர கொளுத்திடுவேன்னாரு. அண்ணனே திருப்பிக் கொண்டாந்து வுட்டுட்டான். ரெண்டாவது வாட்டியும் அதேதான். ஸ்டேஷன்ல எழுதி வாங்கிகினு ரெண்டு பேரையும் ஒன்னா அனுப்பிச்சாங்க. அப்புறம் ஒரு மெஸ்ல பாத்திரம் கழுவி, அங்கியே படுத்துகினு இருந்தேன். அதையும் கண்டுபுடிச்சி வந்து தட்டையெல்லாம் ஒடச்சாரு. ஓனர் நல்லவருதான். நாளைலேந்து வராதம்மான்னுட்டாரு."

"ராத்திரிக்கு எங்க?"

"பெரியாஸ்பத்திரி வராண்டா. நோயாளிக்குத் தொணைக்கு வந்தவங்களோட படுத்துக்குவேன். அமாவாசன்னா மேல்மலையனூர் கோயிலு, ஆயிரம் பேரோட ஒருத்தியா. ராத்திரி எப்படியும் போயிடுதுங்க, பகல்தான் போவல. ஒரு எடத்துல ரெண்டு மணி நேரம் ஒக்காந்தா, யாரும்மா நீ, யாருக்குக் காத்துகினு இருக்கறன்னு பத்து பேரு கேப்பாங்க. பஸ்ல ஒக்காந்தா யாரும் கேக்க மாட்டாங்க. எங்கியோ போறான்னு நெனச்சுக்குவாங்க."

நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி, அப்பன் வீட்டில் இருந்தாள். "ஒரு ரூம் கெடச்சா போதும். உள்தாப்பா இருக்கணும். ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள புள்ளைய கூட்டியாந்துடுவேன். எந்த ஆபீஸ்ல போய்க் கேட்டாலும், கொழந்தைய எங்க வெச்சிப்பம்மான்னுதான் மொதல்ல கேக்கறாங்க."

கலியமூர்த்தி திரும்பி வருவதைப் பார்த்ததும் சட்டென்று சொன்னார்: "எங்கண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவன் ஊரு வந்தாதான் நான் மூஞ்சிய மூடிக்கறது."

சொல்ல மாட்டேன் என்றேன்.

3. ரூம் தேடிய கதை

இந்த ரூட்டில் பதினேழு வருடம். எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும் எனக்கு. ஒரு ரூம் பிடிப்பது பெரிய வேலையா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினேன். நான்கு வீடு கேட்டேன். நான்கிலும் முதல் கேள்வி வாடகை அல்ல, "ஊட்டுக்காரர் இன்னா பண்றாரு?" என்பதுதான்.

கடைசியாக, செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கும் சரோஜா அம்மாளிடம் போனேன். எங்கள் பஸ்ஸில் வருபவர்தான்.

"பாவமாத்தான் இருக்குது கண்டக்டரே. ஆனா அந்தாளு வந்து வாசல்ல நின்னு கத்துனா? என் வூட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குது. ஆமா, நீ யாரு அவளுக்கு?"

வாய் குளறியது. "தங்கச்சி மாதிரி."

"தங்கச்சி மாதிரின்னா ஒன் வூட்லயே வெச்சிக்கயேன்."

ஊரையே கிண்டல் செய்து வயிறு வளர்த்த நான், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவினேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. உள்தாழ்ப்பாளும் இருக்கிறது. பழைய பீரோவும், வெளியூரில் படிக்கும் என் மகனின் கேரம் போர்டும் அதில் குடியிருந்தன. சாப்பிடும்போது என் மனைவி ஜெயந்தியிடம் கதையைச் சொன்னேன், அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில்.

"சும்மாதான கெடக்குது மாடி? வரச் சொல்லு. கேரம் போர்ட எடுத்து கட்டிலு கீழ போடு" என்றாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "அவன் இங்க வந்து கத்துனா? டிப்போல கத கட்டுவானுங்கடி."

"ஊரப் பத்தி நீ கட்டாத கதயா?"

"ரெண்டு நாள் போவட்டும்" என்றேன். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆனது. கோமதி தினமும் ஏறினார். ரூம் பற்றி என்னைக் கேட்கவே இல்லை. டிக்கெட் வாங்கும்போது ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். நான் பின்சீட்டுப் பக்கம் போய்விடுவேன்.

4. நான் நல்லவன் ஆன கதை

அண்ணன்காரன் பெயர் முருகையன். ஒரு சனிக்கிழமை செஞ்சி பஸ் ஸ்டாண்டில், வண்டி கிளம்பும் முன் என்னிடம் வந்தான். கோமதி எதிரே கழிப்பறைக்குப் போயிருந்தார். போனில் தங்கையின் படத்தைக் காட்டினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எந்தங்கச்சிண்ணே. உசுரோட இருக்குதான்னு தெரிஞ்சா போதும். எங்கம்மா சோறு எறங்காம கெடக்குது. நான் பண்ணது தப்புதான். இனிமே அவன் வூட்டுக்கு அனுப்ப மாட்டேன், சத்தியமாண்ணே."

அவன் நடிக்கவில்லை. அவன் அழுதது நிஜம். அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன்: அண்ணன் இருக்கிறான், என் மாடி தப்பித்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

"நல்லாத்தான் இருக்குது. எங்க பஸ்லதான் தினமும் வருது" என்றேன். எந்த சீட் என்றும் சொன்னேன். கேட்காமலே ட்ரிப் நேரத்தையும் சொன்னேன். "ஆம்பளைங்க ஒக்காந்து பேசி நல்லபடியா முடிங்கப்பா" என்று அறிவுரை வேறு. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை, நான்காவது ட்ரிப். செஞ்சியை நோக்கி வந்துகொண்டிருந்தோம். முருகையன் ஊர் ஸ்டாப்பில் மூன்று ஆண்கள் நின்றார்கள். கோமதி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார். நான்தான் விசில் ஊதி நிறுத்தினேன்.

முதலில் ஏறியவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிண்ணே. உங்கள மாதிரி நல்லவங்க இருக்கறதாலதான் குடும்பம் ஒன்னு சேருது."

அவன்தான் புருஷன். மூன்றாமவனும் பின்னாலேயே ஏறினான். முருகையன் கீழேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

வெள்ளைச் சட்டை நேராக மூன்றாவது சீட்டுக்குப் போய் முந்தானையை விலக்கினான். வலது மணிக்கட்டைப் பிடித்தான். கோமதி இடது கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"செஞ்சி வரைக்கும் டிக்கெட் இருக்குதுங்க. என்னை எறக்காதீங்க."

டிக்கெட் இருக்கும் பயணியை வழியில் யாரும் இழுத்து இறக்க முடியாது. அதைச் சொல்ல அந்த வண்டியில் ஒரே ஒருவனுக்குத்தான் அதிகாரம். அவன் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"புருசன் பொண்டாட்டி விசயம், நமக்கெதுக்குப்பா" என்றது ஒரு குரல். "வண்டிய எடுங்கப்பா, டைமாவுது" என்றது இன்னொன்று. பட்டம்மாள் மட்டும், "அடப்பாவி, கைய வுட்றா, கைய வுட்றா" என்று கத்திக்கொண்டு எழுந்தார். மூட்டை காலில் தடுக்கி மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருமாகக் கோமதியின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, படிக்கட்டில் இழுத்து இறக்கினார்கள்.

"அண்ணே, இன்னா பண்றது?" என்று கலியமூர்த்தி கண்ணாடி வழியாகக் கேட்டான்.

நான் கிளம்பச் சொல்லி விசில் ஊதினேன்.

5. மிச்சம்

தம்பிகளே, ஒரு பெண் எந்த பஸ்ஸில் வருகிறாள், எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்பது நம் வாயிலிருந்து போகக் கூடாது. அழுதுகொண்டு கேட்டாலும், கூடப் பிறந்தவனே கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள். டவுன் பஸ் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்கு வருகிறது. தேடுகிறவனுக்கு அதைவிட வசதி வேறு இல்லை. பதினேழு வருடம் சர்வீஸ் போட்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து முருகையன் பஸ்ஸில் வந்தான். என்னைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கினான். நானே கேட்டேன். "தங்கச்சி மறுபடி வூட்ட வுட்டு வெளிய போயிடுச்சி. இந்த வாட்டி தோள்பட்டையில அடி. எங்க வூட்டுப் பக்கம் வரல" என்றான்.

அன்றே மாடியைக் காலி செய்தோம். ஜெயந்தி தரையைக் கழுவிவிட்டாள்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் டியூட்டி கேட்டு வாங்கினேன். சாயங்காலம் அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் தேடினேன். கோயிலுக்கு வெளியே, பாய் விரித்திருந்த பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தோளில் கட்டு. பை இல்லை. இருபதடி தூரத்திலிருந்து, "கோமதிம்மா, ரூம் இருக்குதும்மா, எங்க வூட்ல, எங்க வூட்டம்மா வரச் சொன்னாங்க" என்று கத்தினேன்.

காக்கிச் சட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உடனே எழுந்தார். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு கூட்டத்துக்குள் ஓடினார். செருப்பு அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு வந்த அமாவாசைகளில் அவர் அங்கே இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவிலும் இல்லை. எங்கள் ரூட்டில் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஸ்கூல் திறந்துவிட்டது. மகள் அப்பன் வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள்.