குட்டையைக் கலக்கிய நாள்

வத்திராயிருப்பில் இருக்கும் என் தம்பி அந்தச் சித்திரையில் மொபைலில் ஒரு வீடியோ அனுப்பினான். அவனுடைய குட்டையில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கியதும், முன்பே வலை போட்டிருக்கக் கூடாதா என்று அவனிடம் கோபப்பட்டேன். கோபப்படுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராஜபாளையத்தில் நூல் மில்லில் பல வருஷம் நின்றவன் அவன். பஞ்சுத்தூசி ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டு, இருந்த வயலில் பாதியை இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தான். இதுதான் முதல் பிடிப்பு. இது தேறாவிட்டால் மறுபடியும் மில்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வலை போடாததற்குக் காரணம், ஊரில் காப்புக் கட்டியிருந்தார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் ஊர் எல்லைக்குள் கவிச்சி ஆகாது. வலையை நனைக்கவும் கூடாது. அன்று ஐந்தாம் நாள். ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டோம்.

"இன்னும் மூணு நாதானப்பா. மீனு எங்கிட்டு ஓடப் போவுது?" என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் திரும்பினோம்.

வெயில் என்றால் அப்படியொரு வெயில். மலைப்பக்கமிருந்து சாயங்காலம் வரும் காற்றும் பத்து நாளாக நின்றுபோயிருந்தது. குட்டைக்குப் புதுத் தண்ணீர் விடலாமென்று போட்ட கிணற்று மோட்டாரோ கொஞ்ச நேரத்திலேயே வெறும் காற்றை இழுத்தது.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டைக்குள் இறங்கினேன். முழங்கால் வரை வெந்நீர். இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் பாதம் சில்லிட்டது. கிணற்றில் குளித்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதில்லை. அந்த அடிக்குளிர்ச்சிக்காகவே முங்குவோம்.

"ஏலே, கீழ எம்புட்டுக் குளிர்ச்சியா இருக்கு. இதுக மேல வெந்துக்கிட்டுக் கெடக்கு. கலக்கி விட்டா எல்லாம் ஒண்ணாயிரும்ல," என்றேன்.

"கலக்கவாக்கா?" என்று தயங்கினான்.

"வேற என்ன செய்யப் போற?"

வேறு வழி இல்லாததால் செய்தான். வயலில் சேற்றைச் சமப்படுத்தும் பரம்புக்கட்டையில் கல்லைக் கட்டி அடியில் இறக்கினான். நான்கு பேர் இரண்டு கரையிலும் நின்று கயிற்றால் மாறி மாறி இழுத்தார்கள். நானும் ஒரு கை பிடித்தேன். சேறு கறுப்பாக எழும்பியது, அழுகிய முட்டை நாற்றத்தோடு. இது நல்லதற்கில்லை என்று எனக்கே பட்டது. ஆனாலும் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு பெரிய கட்லாவை நிமிர்த்தி நிமிர்த்திப் பிடித்தான். விட்டால் சாய்ந்தது. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். செத்த மீனை அள்ளவும் வலை ஆகாது என்று ஊரில் சொல்லிவிட்டதால் சாக்கிலும் கூடையிலும் அள்ளிப் புதைத்தோம்.

மறுநாள் மீன்வளத் துறைக்காரர் ஒருவர் வந்து பொறுமையாக விளக்கினார். காற்று அடிக்காத வெயிலில் மேல்தண்ணீர் சூடேறி மூடி போட்டதுபோல் நின்றுவிடுமாம். அழுகல் எல்லாம் அடியில் தேங்கி, அங்கே மீனுக்கு மூச்சு விட முடியாதாம். மேலே இருந்த கொஞ்சம் நல்ல தண்ணீரில்தான் அவை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தனவாம்.

"கலக்காம விட்டிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும். யார் கலக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

தம்பி மனைவி என் பக்கத்தில்தான் நின்றாள். முந்தின நாள் முழுக்க அவள் கோயிலில் இருந்தாள். கலக்கச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது.

"நாந்தான் சார்," என்றான் தம்பி, என் பக்கம் திரும்பாமல்.

அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு என்னிடம், "நீங்களாச்சும் அவுகளுக்கு ஒரு புத்தி சொல்லியிருக்கக் கூடாதா மதினி?" என்று கேட்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைகாசியில் அவன் மில்லுக்குப் போய்விட்டான். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.