மீன் வெளியே, கணினி உள்ளே

அன்றைக்கு இருந்தவர்கள்: சங்கத் தலைவர். சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் அக்கா. கொழும்பிலிருந்து வந்த கணினிக்காரர். நான். தலைவர் இருந்த கதிரைக்குக் கீழே நாய்.

இடம், ஊர்காவற்றுறையில் எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் குளிரறை வாசல். அறை புதிது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கட்டித் தந்தது. மீன் ஏற்றும் லொறி மத்தியானம்தான் வரும். விடியப் பிடித்த மீன் அதுவரை கெடக்கூடாது. அதற்காகத்தான் அறை. வேறு ஒன்றுக்கும் இல்லை.

கணினிக்காரர் வாசலுக்கு மேலே ஒரு கமரா பூட்டியிருந்தார். வரும் மீனை அதுவே பார்த்து எண்ணுமாம். எண்ணியதைக் கணினி சேர்த்து வைக்குமாம்.

"டேட்டா வருசா வருசம் ரெண்டு மடங்காகும் அண்ணை."

"மீன்?" என்றேன்.

"மீனைப் பற்றித் தெரியாது. டேட்டா ஆகும்."

அக்கா சிரித்தார். "என்ரை போனில போடுற டேட்டா ரெண்டு நாளில முடியுது தம்பி. உம்மடை மட்டும் எப்பிடி வளருது?"

"இது வேறை அக்கா. இதை விக்கலாம்."

"கிலோ என்ன விலை?" என்று கேட்டேன்.

தலைவர் முறைத்தார். "நீர் சும்மா இரும். உலகம் இதாலைதான் ஓடப்போகுது."

கணினி முதலில் இருந்தது அக்கா எழுத்து வேலை பார்க்கும் கந்தோரில். அதற்குத் தகரக் கூரை. கணினி சூட்டில் நின்று நின்று போனது. குளிர் வேண்டும் என்றார் கணினிக்காரர். தலைவர் குளிரறையைக் காட்டினார். கணினி உள்ளே போக ஒரு மீன்பெட்டி வெளியே வந்தது. அது என் பெட்டி.

"இண்டைக்கு என்ரை பெட்டி," என்றேன். "நத்தார்ப் பெருநாள் வரேக்கை எல்லாற்றை பெட்டியும் வெளியிலதான்."

"கண்டபடி கதையாதேயும்," என்றார் தலைவர்.

வெளியே வாசலில் இருந்த பெட்டிக்குக் காகம் வந்தது. கமராவுக்குக் காகமும் மீன்தான். எண்ணியது. திரையில் மீன் கணக்குக் கோடு மேலே போனது. கணினிக்காரருக்குச் சந்தோசம். டேட்டா வளருது, இடம் காணாது என்று இன்னொரு கணினி கொண்டு வந்தார். இன்னும் இரண்டு பெட்டி வெளியே. காகம் கூடியது. கோடு ஏறியது. மூன்றாவது கணினியும் வந்தது.

பிறகு, மீன் ஈரம் கணினிக்குக் கூடாது என்று ஒரு சட்டம். மிச்சப் பெட்டிகளும் வெளியே வந்தன. நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் சொன்னது அவ்வளவுக்குப் பிழை.

அன்று தலைவர் கோட்டைப் பார்த்துவிட்டு லொறிக்காரருக்குப் போன் எடுத்தார். "பெரிய லொறியாக் கொண்டு வாரும். மீன் மலையாக் கிடக்குது. கொம்பியூட்டர் சொல்லுது."

பெரிய லொறி வந்தது. லொறிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினார்.

"தலைவர், இதை ஆர் தின்னுறது?"

"தின்னுறவை வந்திட்டினம்," என்று அக்கா கூரையைக் காட்டினார். கூரை கறுப்பாக இருந்தது.

லொறிக்காரர் குளிரறைக்குள் எட்டிப் பார்த்தார். மூன்று கணினியும் குளிரில் சுகமாக இருந்தன. பக்கத்தில் நாய் படுத்திருந்தது.

"இதுகளை ஏத்தட்டோ? இதுகள்தான் பழுதாகேல்லை."

தலைவர் கணினிக்காரரைப் பார்த்தார். கணினிக்காரர் லொறிக்காரருக்குத் திரையில் கோட்டைக் காட்டினார். நல்ல கோடு. லொறிக்காரர் அதையும் மணந்து பார்த்தார்.

பெட்டி பெட்டியாகக் கிண்டி, தேறிய மீனை எடுத்து வைத்தோம்.

கணினியில் அன்றைய மீன் நாலாயிரத்து முப்பது.

லொறியில் ஏறியது பதினாறு.

என்னுடையது இரண்டு.